இளைத்த குதிரையும் இரங்கும் கையும்

(அருப்புக்கோட்டையில் அறக்கட்டளையின் உயிரோம்பல் நாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது பசுவைப் பற்றிப் பேசுவேன் என்றே அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் குதிரையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காரணம், இம்மண்டபத்தின் பின்புறம் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் நம் காப்பிடத்துக்கு வந்த செவலைக் குதிரையை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று வரும் வழியில் மூவர் என்னிடம், "ஐயா, குதிரைக்குப் போதிய தீனி போடுகிறார்களா? இன்னும் விலா இலேசாகத் தெரிகிறதே" என்று கேட்டார்கள். நல்ல மனத்தோடு கேட்ட கேள்வி அது. அதற்கு விடை சொல்வதே என் உரை.

நம் கரிசல் நாட்டிற்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். சொல்லளவில் உறவு பெரிது. நம் புன்செயில் விளையும் சிறுதானியத்துக்குக் குதிரைவாலி என்று பெயர். கிணற்றுப் பாசனத்தில் விளையும் பசுந்தீவனம் குதிரைமசால். காணம் என்று நாம் சொல்லும் கொள்ளினை வெள்ளைக்காரர் குதிரைப் பயறு என்றே குறித்தார்கள். ஊருக்கு ஊர் அய்யனார் கோயில்களில் மண்குதிரைகள் நிற்கின்றன. உயிருள்ள குதிரைகளோ சிலவே. சிற்றுந்தும் ஆட்டோவும் வந்தபின் ஜட்கா வண்டிகள் ஓய்ந்தன. இன்று எஞ்சியிருப்பவை திருமண ஊர்வலக் குதிரைகளும், பந்தயக் குதிரைகளும், கோயில் குதிரைகள் சிலவுமே. இதன் விளைவு ஒன்று உண்டு. மாட்டைப் பார்த்தவுடன் அதன் நலத்தைச் சொல்லிவிடும் கண் நம் ஊரில் இன்னும் பலருக்கு உண்டு. குதிரையைப் பார்த்துச் சொல்லும் கண் நம்மிடம் இல்லை. மண்குதிரையின் உருண்ட மார்பையும் பருத்த வயிற்றையும் பார்த்துப் பழகிய கண்ணைக் கொண்டே உயிர்க்குதிரையையும் அளக்கிறோம்.

இந்தக் குறை நமக்குப் புதியதன்று. பாண்டிய நாட்டின் பழங்குறை அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், இந்நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ குதிரை வாணிகத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அரசனும் அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுதோறும் தனித்தனியே 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகிறார். குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்களாம். குதிரை மருத்துவம் அறிந்தவர் இங்கில்லை. அத்தகையவர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை இறந்தால்தானே மறு குதிரை விற்கும்?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தைப் பற்றி எழுதினார். அவர் கணக்கில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து கடல் கடந்து வந்தன. வந்த குதிரைகளைக் கயிறும் முளையும் கொண்டு நாற்பது நாள் லாயத்தில் கட்டிவைத்தார்கள். கொழுக்க வேண்டும் என்பதற்காக. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுப் பக்குவம் செய்த தானியமும் தீனி. காய்ச்சிய பசும்பால் குடிநீர். பின்னர்ப் பழக்குதல் ஏதுமின்றி ஏறி விரட்டினார்கள். மிகுந்த விரைவும் வலிமையும் உடைய குதிரைகள் சிறிது காலத்தில் சோர்ந்து மந்தமாகிப் பயனற்றுப் போயின என்கிறார். இவ்விருவருடைய எண்ணிக்கைகளையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வணிகர் வாய்க்கேள்வியில் எண்கள் வளரும். வஸ்ஸாப் நேரில் வந்தவரும் அல்லர். ஆயினும் அவர்கள் விவரிக்கும் தீனிமுறையை ஒரு கால்நடை மருத்துவனாக நான் படிக்கும்போது, குதிரைகள் ஏன் இறந்தன என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. நாற்பது நாள் அசையாமல் கட்டி, தானியமும் நெய்யும் ஊட்டினால் இன்றைய குதிரையும் அப்படியே ஆகும். வெப்பமும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் தொட்டியில் இருந்தது.

இதில் என் நெஞ்சைத் தைப்பது ஒன்றுண்டு. பால் கொடுத்தவர்களும் நெய் கொடுத்தவர்களும் கொடியவர்கள் அல்லர். தங்களுக்கு எது சிறந்த உணவோ அதைக் குதிரைக்கும் கொடுத்தார்கள்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை நோன்புக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை உமாசுவாமிகள் எண்ணிக் காட்டுவதை இவ்வவை நன்கறியும். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஐந்தும் வளர்ப்பு விலங்கை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை போலவே தோன்றுகின்றன. ஐந்தாவதை நாம் ஒருபோதும் செய்யமாட்டோம் என்று நினைக்கிறோம். உணவைத் தடுப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பொருந்தா உணவை அள்ளித் தருவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், வேறொரு காப்பிடத்துக்கு ஒரு கிழட்டு ஜட்காக் குதிரை வந்தது. எலும்பின்மேல் தோல் போர்த்தியது போன்ற நிலை. நான் பார்த்தேன், சேணம் உரசிய புண்ணுக்கு மருந்து எழுதினேன், குளம்பைச் சீவச் சொன்னேன். தீனியைப் பற்றிக் கேட்டார்கள். "நன்றாகப் போடுங்கள்" என்றேன். இரண்டே சொற்கள். அன்று மாலையே கொள்ளை வேகவைத்து, வெல்லம் கலந்து, ஒரு பெரிய சட்டி நிறைய வைத்தார்கள். மறுநாள் ஏதோ விசேட நாள். வந்தவர்கள் பழமும் பொங்கலும் ஊட்டினார்கள். குதிரை அவ்வளவு ஆவலாக உண்டதாம். பார்த்தவர்கள் கண்கலங்கினார்களாம். மூன்றாம் நாள் அதன் தசைகள் நடுங்கின, கால்கள் தள்ளாடின. நான்காம் நாள் விடியலில் விழுந்தது, எழவில்லை. வயதாகிவிட்டது, நாம் காலங்கடந்து கொண்டுவந்தோம் என்று எல்லாரையும் தேற்றினேன். என்னையும் அப்படியே தேற்றிக்கொண்டேன்.

அது வயதால் இறக்கவில்லை. பல வாரம் பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே உயிர் பிழைத்திருக்கும். இரத்தத்தில் உப்புச்சத்துக்களின் அளவு பார்வைக்குச் சரியாக இருந்தாலும், உடலின் உள்ளிருப்பு வற்றியிருக்கும். அந்நிலையில் மாவுச்சத்தும் இனிப்பும் திடீரெனச் சென்றால் இன்சுலின் பெருகும். அது சர்க்கரையோடு சேர்த்துப் பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். இதயத்துக்கும் மூச்சுத் தசைகளுக்கும் அவை இல்லாமற்போகும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்தே கேடு தெரியும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களுள் சிலர், வயிறார உணவு கிடைத்த பின்னரே இறந்தார்கள். அதுவும் இதே காரணத்தால்தான். இதை நான் முறையாகப் படித்தறிந்தது அக்குதிரை இறந்து வெகுநாட்களுக்குப் பின்.

ஆகையால் முதலில் அளக்கக் கற்க வேண்டும். அளந்த பின்பே ஊட்ட வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்னக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1983இல் ஓர் அளவுமுறையை வெளியிட்டார்கள். ஈனும் பெண்குதிரைகளுக்காக வகுக்கப்பட்டது அது. இன்று உலகெங்கும் எல்லாக் குதிரைகளுக்கும் பயன்படுகிறது. 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுப்புப் பாறை, 5 நடுநிலை. உடலில் ஆறு இடங்களைப் பார்க்க வேண்டும்: கழுத்தின் மேல்விளிம்பு, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேடு, தோட்பட்டையின் பின்புறம், விலா, இடுப்பின் மேற்புறம், வாலடி. ஆறையும் தனித்தனியே பார்த்துச் சராசரி கொள்ள வேண்டும். ஏனெனில் ஒரு குதிரை கழுத்தில் கொழுப்பைச் சேர்க்கும். இன்னொன்று வாலடியில் சேர்க்கும். ஓர் இடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் தவறிவிடுவோம்.

கண்ணைவிடக் கையை நம்புங்கள். விலாவுக்கு ஓர் எளிய ஒப்பீடு சொல்கிறேன். இருந்த இடத்திலேயே செய்து பாருங்கள். கையை முட்டியாக மூடி, விரல்மூட்டுகளின்மேல் மறுகை விரல்களை ஓட்டுங்கள். குதிரையின் விலா அப்படி மேடுபள்ளமாகத் தட்டுப்பட்டால் அது மெலிந்தது. இப்போது முட்டியை விரித்துப் புறங்கையின்மேல் விரலை ஓட்டுங்கள். எலும்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, சிறிது அழுத்தினால் தட்டுப்படுகிறது, அதுவே நடுநிலை. உள்ளங்கையில் பெருவிரல் அடிச்சதையை அழுத்தினால் எலும்பே புலப்படாது; விலா அப்படி இருந்தால் குதிரை கொழுத்துவிட்டது. கடைசி இரண்டு விலாக்கள் ஓடும்போது மங்கலாகத் தெரிவது உழைக்கும் குதிரைக்கு நோயன்று. 4 என்ற மதிப்பெண் குறையுமன்று. வரும் வழியில் கேட்ட மூவருக்கும் பாதி விடை இது.

வயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். தரம் குறைந்த வைக்கோலையே தின்னும் குதிரைக்கும், குடற்புழு மிகுந்த குதிரைக்கும் வயிறு தொங்கிப் பருத்திருக்கும். பக்கவாட்டில் பார்ப்பவர், "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். பின்னால் நின்று பார்த்தால் முதுகெலும்பு கூரை முகடு போல எழுந்து, இருபுறமும் சரிந்திருக்கும். வயிறு என்பது உள்ளே கிடக்கும் தீனியின் அளவு. உடம்பின் நிலை முதுகிலும் விலாவிலும் எழுதப்பட்டிருக்கிறது.

எடை போடக் குதிரையைத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை. தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே, தோள்மேட்டை ஒட்டி மார்பைச் சுற்றி அளவெடுங்கள். மூச்சை வெளியே விட்ட தருணத்தில் எடுப்பது நல்லது. அடுத்து, தோள் முனையிலிருந்து பின்புறப் புட்ட எலும்பின் முனைவரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். நம் செவலைக்கு வந்த அன்று மார்புச் சுற்று 132, நீளம் 136. கணக்குப்படி 199 கிலோ. உடல்நிலை மதிப்பெண் 2. நாடாக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு கிலோ முன்பின் இருக்கலாம், அதனால் கேடில்லை. ஒரே ஆள், ஒரே நேரத்தில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்தால் ஏற்ற இறக்கம் பொய் சொல்லாது.

இனி ஊட்டும் முறை. குதிரை அசைபோடும் விலங்கன்று. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் அதன் உடம்புக்கு மிகச் சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. புல்லின் நார் செரிப்பது பின்குடலில், அங்குக் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால். சிறுகச் சிறுக, நாளெல்லாம் மேய்வதற்கென அமைந்த உடம்பு அது. தானியத்தை ஒரே வேளையில் குவித்தால், செரியாத மாவுச்சத்து பின்குடலுக்குச் சென்று புளிக்கும், அமிலம் பெருகும், நல்ல நுண்ணுயிர்கள் மடியும், நஞ்சு இரத்தத்தில் கலக்கும். முதலில் வயிற்றுவலியாக வரும். குதிரை தரையைப் பறிக்கும், புரளும், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதிலிருந்து தப்பினால் குளம்பழற்சியாக வரும். குளம்புக்குள் இருக்கும் மென்தசை வீங்கி, எலும்பு தன் பிடியிலிருந்து நழுவும். அந்த வலியை வருணிக்க நான் விரும்பவில்லை. நகத்தின் அடியில் முள் ஏறியவர்கள் நூறு மடங்காகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

எனவே பொது அளவு இது: ஒரு நாளில் உலர்நிலைக் கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு தீவனம். அதில் 1.5 பங்கேனும் புல்லாகவே இருக்க வேண்டும். அடர்தீவனம் தேவைப்பட்டாலும், ஒரு வேளைக்கு நூறு கிலோ எடைக்கு அரைக்கிலோவைத் தாண்டக் கூடாது. எந்த மாற்றத்தையும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்திற்குள் சிறிது சிறிதாகவே செய்ய வேண்டும். பின்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் புதுத் தீவனம் பழக அவ்வளவு நாளாகும்.

பட்டினியிலிருந்து மீட்ட குதிரைக்கு இந்த அளவுகூட முதல் பத்து நாள் பொருந்தாது. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்தார்கள். மெலிந்த குதிரைகளுக்குச் சில வகைத் தீவனங்களைக் கொடுத்து ஒப்பிட்டதில், உலர்ந்த குதிரைமசாலே பாதுகாப்பானது என்று கண்டார்கள். அதில் மாவுச்சத்துக் குறைவு. புரதமும் மக்னீசியம், பாஸ்பரசு முதலியனவும் மிகுதி. பெரிய குதிரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக்கிலோ வீதம் முதல் மூன்று நாள். பின்னர் அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைத்துப் பத்தாம் நாளில் விரும்பியவரை உண்ணவிடலாம் என்பது அவர்கள் வகுத்த வழி. நம் செவலை சிறிய நாட்டுக்குதிரை. ஆகவே அதற்கு வேளைக்கு 250 கிராம். பகலிரவாக ஆறு வேளை. நள்ளிரவு வேளையை இக்காப்பிடத்துப் பணியாளர்களும் இளைஞர் இருவரும் முறைவைத்துக் கொடுத்தார்கள்.

அந்த மூன்று நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதை நீங்கள் அறிய வேண்டும். 250 கிராம் குதிரைமசால் என்பது இரு கை நிறைய அள்ளும் தழை. அதைத் தின்று முடித்துவிட்டுக் குதிரை எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். தொட்டியை மூக்கால் தள்ளும். கனைக்கும். மூன்றாம் நாள் ஓர் அம்மையார் வாழைப்பழச் சீப்போடு வந்து, வாயிலில் தடுத்ததும் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இரக்கமே இல்லையா?" என்று கேட்டார். இன்று அவர் இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், சிரிக்கிறார். அன்று அவருக்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை. பதினான்கு ஆண்டுக்கு முந்தைய கதையை இன்றுதான் சொல்கிறேன்.

பத்து நாள் கடந்தபின் வேலை எளிதாயிற்று. குதிரைமசால் கிணற்றுத் தோட்டக்காரர்களிடமே கிடைக்கும், விலையும் மிகுதி. ஆகவே உலர்த்திய கொழுக்கட்டைப் புல்லை முதன்மைத் தீவனமாக்கினோம். மானாவாரி நிலத்தில் நம் மழைக்கே விளையும் நல்ல புல் அது. அதனோடு பூசணம் இல்லாத, மண் உதறிய கடலைக்கொடி. மண் உதறுவது அற்பச் செய்தியன்று. தரையில் கொட்டிய தீவனத்தோடு போகும் மணல் பெருங்குடலில் தங்கி அடைத்துவிடும். ஆகவே எப்போதும் தொட்டியில்தான் வைக்க வேண்டும்.

நம் ஊரில் எளிதாய்க் கிடைப்பவற்றுள் எச்சரிக்கை வேண்டுவன சில உண்டு. மறுதாம்பாகத் துளிர்த்த இளஞ்சோளம் மாட்டைக் கொல்லும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். குதிரைக்கும் அது நஞ்சே. பச்சைச் சோளத்தை நீண்ட நாள் தின்ற குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால்கள் தளர்வதும் உண்டு. சீமைக்கருவேல நெற்றுகளை ஆடு தின்று கொழுக்கும். குதிரை மிகுதியாகத் தின்றால் குடல் அடைக்கும். நம் சுற்றுவட்டாரத்தில் குண்டாற்றுக் கரைவரை அந்த மரம்தானே! அவிழ்த்துவிட்ட குதிரைக்கு நெற்று உதிரும் காலத்தில் காவல் வேண்டும். கோழித் தீவனத்தை எக்காரணத்தாலும் தரலாகாது. அதில் சேர்க்கப்படும் சில மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும்.

தவிட்டைப் பற்றி ஒரு சொல். குதிரைக்குத் தவிடு நல்லது என்று பழைய லாயக்காரர்கள் சொல்வார்கள். சிறிதளவு கேடில்லை. தவிட்டில் பாஸ்பரசு மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. நாளெல்லாம் தவிடே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைக்கும்; முகத்தெலும்பு வீங்கும்; கால் நொண்டும். மாவாலைக்காரர்களின் குதிரைகளுக்கு அக்காலத்தில் மிகுதியாக வந்ததால் மேலைநாட்டில் அவர்கள் பெயரிலேயே அந்நோயை அழைத்தார்கள். தாது உப்பும் கல்லுப்பும் தொட்டியருகே எப்போதும் இருக்கட்டும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் பழமொழி. கொள்ளு குதிரைக்கே உரிய தீனி என்று நினைத்து, இளைத்த குதிரைக்கும் கொள்ளையே அவித்துப் போடுகிறோம். எனக்கென்னவோ பழமொழியே சரி என்று படுகிறது. இளைத்த குதிரைக்கு எடை கூட்ட மாவுச்சத்தைவிட எண்ணெய் பாதுகாப்பானது; பின்குடலைப் புளிக்கச் செய்யாது. செவலைக்கு இரண்டாம் மாதத்திலிருந்து நல்லெண்ணெயை 30 மில்லி லிட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டி 150 வரை கொண்டுசென்றோம். எவ்வளவானாலும் ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லி லிட்டரைத் தாண்டலாகாது. கொள்ளையும் தள்ளிவிடவில்லை, ஊறவைத்து வேகவைத்து, புரதத்திற்காக, வேளைக்கு ஒரு கைப்பிடி.

தீவனம் சரியாக இருந்தும் தேறாத குதிரையின் வாயைத் திறந்து பாருங்கள். குதிரையின் பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்து தேய்வது. ஏறுமாறாகத் தேய்ந்தால் விளிம்பு கத்தி போலாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்புவது அதன் அடையாளம். செவலைக்கும் அதுவே இருந்தது. பல்லை அராவிய பிறகே எடை விரைவாக ஏறிற்று.

கொழுத்த குதிரையைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. ஊர்வலக் குதிரைகளில் அதுவே இப்போது மிகுதி. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கட்டியே கிடக்கும். வெல்லமும் கடலையும் வரும். கழுத்தின் மேல்விளிம்பு கட்டியாகத் தடித்துவிட்டால் குளம்பழற்சி அருகில் வந்துவிட்டதென்று கொள்ளுங்கள். தானியத்தை அறவே நிறுத்தி, புல்லை எடையில் 1.5 பங்குக்குக் குறைத்து, ஊறவைத்து இனிப்பை வடித்துக் கொடுத்து, நாளும் நடத்துங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள். நோன்பு நாட்களில் நாம் உண்ணாதிருக்கிறோம். நம் உடம்பு அதைத் தாங்கும், நாம் அறிந்து ஏற்பதும் ஆகும். கொழுத்த மட்டக்குதிரையையும் கழுதையையும் திடீரெனப் பட்டினியிட்டால் உடற்கொழுப்பு முழுதும் இரத்தத்தில் இறங்கிக் கல்லீரல் கெட்டு இறந்துபோகும். குறிப்பாகக் கழுதை, வெளியே ஒன்றும் காட்டாமலே இறக்கும்.

நீரைப் பற்றிச் சுருக்கமாக. செவலை அளவுள்ள குதிரைக்கு ஓய்வில் நாளைக்கு 12, 15 லிட்டர். நம் சித்திரை வெயிலில் அதன் இருமடங்கு. நம் பகுதிக் கிணறுகள் பல உவர்ப்பானவை. உவர்நீரைக் குதிரை குறைத்தே குடிக்கும், உலர்ந்த தீவனம் குடலில் இறுகும். காப்பிடத் தொட்டிக்கு நன்னீர் தருவதற்குப் பொருளுதவி செய்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இதே வட்டாரத்துக் கோவிலாங்குளத்தில் முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, முக்குடையார் கோயிலுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் கும்பனூர்ச் சமணர் நிலம் அளித்ததைச் சொல்கிறது. ஏறத்தாழ 900 ஆண்டு ஆகிறது. அந்தப் பந்தலில் வழிப்போக்கனின் குதிரையும் நீர் குடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்றுக் காலை செவலையை அளந்தேன். நீளம் அதே 136. வளர்ந்த குதிரைக்கு அது மாறாது. மார்புச் சுற்று 146. கணக்கு 244 கிலோ. எட்டு மாதத்தில் 45 கிலோ கூடியிருக்கிறது. விலாவில் 4, இடுப்பிலும் தோளிலும் 5, வாலடியில் 5. கழுத்து இன்னும் சற்றே மெலிவு. எண்ணெயை அடுத்த வாரத்திலிருந்து குறைக்கப் போகிறேன். விலா மங்கலாகத் தெரிகிறதே என்று இனி யாரேனும் கேட்டால், தெரியட்டும் என்பதே என் விடை.

உரை முடிந்ததும் ஐவர் ஐவராக வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். இடப்பக்கமாக, அதன் கண்ணில் படும்படி, பேசிக்கொண்டே அணுகுங்கள். பின்னால் போய் நிற்க வேண்டா. விரல்களை விரித்து விலாவின்மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள், பிறகு முதுகு, பிறகு வாலடி. நீங்கள் தரும் மதிப்பெண்ணை ஆளுக்கொரு தாளில் எழுதி இளைஞர்களிடம் கொடுங்கள். என் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கையில் பழம் வைத்திருப்பவர்கள் அதை இங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வருக.